மீதியின் வழி

8633, 9991 என்று இரண்டு எண்கள். இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி என்ன? ஆறாம் வகுப்பில் படித்த வழியில் போகிறவர் முதலில் 8633-ஐ உடைக்கப் பார்ப்பார். இரண்டால் போகாது, மூன்றால் போகாது, ஐந்து, ஏழு, பதினொன்று எதனாலும் போகாது. இருபத்துமூன்று பகா எண்கள் கைவிட்ட பிறகு, இருபத்து நான்காவதான 89-இல்தான் அது வழிக்கு வரும்: 89 × 97. அடுத்து 9991-க்கும் அதே பாடு. அது 97 × 103. இரண்டிலும் 97 இருக்கிறது, விடை 97.

இப்போது இன்னொரு வழி. பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 1358. 8633-ஐ 1358-ஆல் வகுத்தால் மீதி 485. 1358-ஐ 485-ஆல் வகுத்தால் மீதி 388. 485-ஐ 388-ஆல் வகுத்தால் மீதி 97. 388-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி இல்லை. எதை வைத்து வகுத்தபோது மீதி அற்றுப்போனதோ அதுதான் விடை. ஐந்தே ஐந்து வகுத்தல்.

வேகம் இதில் இரண்டாம்பட்சம். இரண்டாவது வழியில் நாம் எந்த எண்ணையும் உடைக்கவே இல்லை என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்கவைக்கிறது. 89 என்றும் 103 என்றும் இரண்டு எண்கள் உள்ளே இருப்பதே தெரியாமல் விடைக்கு வந்துவிட்டோம். 8633 எதனால் ஆனது என்று கேட்டால் இப்போதும் நமக்கு முழுப் பதில் தெரியாது. ஆனாலும் அதற்கும் 9991-க்கும் பொதுவானது எது என்று ஐயமறத் தெரியும். இரண்டுக்கும் பொதுவானதை அறிய ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் அறிந்தாக வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு இயல்பாக நம்மிடம் இருக்கிறது. அது தவறு என்பதற்கு இதைவிடச் சின்னச் சான்று வேறில்லை. (இதிலிருந்து மனித உறவுகள் பற்றி ஒரு பத்தி எழுதிவிடும் ஆசை எந்தக் கட்டுரையாளனுக்கும் வரும். அதை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்.)

நம் பாடநூல்கள் மீப்பெரு பொதுக் காரணியைக் கீழ் வகுப்பில் பகாக் காரணிகள் வழியாகவே அறிமுகம் செய்கின்றன. காரணிச் செடி வரைந்து, பொதுவானவற்றைச் சுழித்து, பெருக்கி எழுத வேண்டும். 24-க்கும் 36-க்கும் இது போதும். இந்த மீதி வழியைச் சொன்ன யூக்ளிட் பத்தாம் வகுப்பில் வருகிறார், ‘வகுத்தல் துணைத்தேற்றம்’ என்ற கனமான பெயரோடு. அதற்குள் பிள்ளைகளின் மனதில் மீ.பொ.கா. என்றால் உடைப்பது என்று ஆகிவிடுகிறது. மீதி என்பது வகுத்தல் கணக்கில் ஒரு குறை, சரியாகப் போகாததன் அடையாளம் என்ற எண்ணமும் சேர்ந்து இறுகிவிடுகிறது. ஆனால் இந்தப் பாடத்தில் மிகப் பழையதும் மிக ஆழமானதும் அந்த மீதிதான்.

ஏன் இது சரியாக வருகிறது? யூக்ளிட் நினைத்தபடியே கோல்களை வைத்துப் பார்க்கலாம். இரண்டு கோல்கள், மேலே அளவுக்குறி எதுவும் கிடையாது. இரண்டையும் மிச்சமின்றி அளக்கக்கூடிய மிகப் பெரிய கோல் ஒன்று வேண்டும். சிறிய கோலைப் பெரியதன் மேல் முடிந்தமட்டும் வைத்துப் பார்க்கிறோம், ஒரு துண்டு மிஞ்சுகிறது. நாம் தேடும் கோல் எதுவானாலும் அது பெரியதையும் அளக்கும், சிறியதையும் அளக்கும், ஆகவே மிஞ்சிய துண்டையும் அளந்தே தீர வேண்டும். மறுபுறம், சிறிய கோலையும் மிஞ்சிய துண்டையும் அளப்பது எதுவோ அது பெரிய கோலையும் அளக்கும். அப்படியானால் பெரிய கோல் இனி வேண்டாம். சிறியதும் துண்டும் போதும், கேள்வி மாறவில்லை, ஆட்கள் மட்டும் சிறுத்துவிட்டார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், முழு எண்களில் மீதி ஒவ்வொரு தடவையும் குறைந்தாக வேண்டும். முடிவில்லாமல் குறைந்துகொண்டே போகவும் முடியாது. எங்கோ நிற்கும்.

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் ஏழாம் புத்தகம் இதில்தான் தொடங்குகிறது. முதல் தேற்றம், மாறி மாறிக் கழித்துக்கொண்டே போய் ஒன்று மட்டும் மிஞ்சினால் அவ்விரண்டும் சார்பகா எண்கள் என்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டது மிஞ்சும் நிலை இரண்டாம் தேற்றத்தில்தான். நமக்கு இந்தப் பிரிப்பு வீண்வேலையாகத் தோன்றும், ஒன்றும் ஒரு காரணிதானே என்போம். யூக்ளிடுக்கு ஒன்று எண்ணே அல்ல, எண்களை அளக்கும் அலகு. ஒன்றைத் தவிரப் பொதுவில் ஏதுமற்ற ஜோடிகளை அவர் முதலில் வைத்ததில் இன்னொரு பொருத்தமும் உண்டு. கண்மூடி எடுக்கும் இரண்டு எண்கள் அப்படி அமைவதற்கான வாய்ப்பு ஆறு வகுத்தல் பை வர்க்கம், ஏறத்தாழ 61 விழுக்காடு. பெரும்பாலான எண் ஜோடிகள் ஒன்றுக்கொன்று அந்நியர்கள்.

சீனத்தில் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணக்கு நூலில் இதே வழி பின்னங்களைச் சுருக்கும் வேலைக்காக வருகிறது. கி.பி. 263-இல் லியு ஹுய் அதற்கு உரை எழுதினார். நூலின் கணக்கு ஒன்று: 91-இல் 49. பெரியதிலிருந்து சிறியதைக் கழி: 42. 49-இலிருந்து 42 போக 7. 42-இலிருந்து ஏழேழாகக் கழித்தால் 35, 28, 21, 14, 7. இரண்டு பக்கமும் ஏழு வந்ததும் நிறுத்து. பின்னம் 13-இல் 7. தேற்றமும் இல்லை, நிறுவலும் இல்லை, கணக்கருக்கான கட்டளை மட்டும். எனக்கு அந்த நடை பிடிக்கும்.

எத்தனை படியில் முடியும் என்ற கேள்வியை ஒழுங்காகத் தீர்க்க 19-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. கேப்ரியல் லாமே 1844-இல் ஒரு வரம்பு சொன்னார்: வகுத்தல்களின் எண்ணிக்கை, சிறிய எண்ணில் உள்ள இலக்கங்களின் ஐந்து மடங்கைத் தாண்டாது. மிக அதிகம் இழுத்தடிப்பவை 55, 89 போன்றவை. கடைசிப் படி தவிர எல்லாப் படியிலும் ஈவு ஒன்றே வரும், மீதி மெல்ல மெல்லத்தான் கரையும்: 34, 21, 13, 8, 5, 3, 2, 1. ஃபிபனாச்சி எண்கள் என்று உலகம் சொல்லும் இவற்றை ஃபிபனாச்சிக்கு முன்பே ஹேமச்சந்திரர் செய்யுளின் மாத்திரைக் கணக்கில் எண்ணி வைத்திருந்தார். அது வேறு கதை.

லாமேயின் வரம்பு எவ்வளவு பெரிய செய்தி என்பது இலக்கங்கள் கூடும்போதுதான் உறைக்கும். 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் மூவரும் அமைத்த ஆர்எஸ்ஏ பூட்டுமுறையில், மிகப் பெரிய இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனை ஊரறிய வெளியிடுகிறார்கள். அந்தப் பெருக்கற்பலன்தான் பொதுச் சாவியின் முக்கியப் பகுதி. அதை உடைத்து உள்ளிருக்கும் இரண்டையும் எடுக்க முடிந்தால் பூட்டு திறந்துவிடும். முடியாது என்பதுதான் நம்பிக்கை. 250 இலக்க எண் ஒன்றை 2020-இல் உடைத்தார்கள். அதற்குச் செலவான கணிப்பு, ஒரே ஒரு செயலிக் கருவை ஏறத்தாழ 2700 ஆண்டுகள் ஓடவிட்டதற்குச் சமம். இன்று பரவலாகப் புழங்கும் சாவிகள் 617 இலக்கம் கொண்டவை. ஆனால் 617 இலக்கத்தில் இரண்டு எண்களைக் கொடுத்து மீ.பொ.கா. கேட்டால் அதிகபட்சம் 3085 வகுத்தல்கள். சாதாரணக் கணினி கண் இமைக்கும் நேரத்துக்குள் சொல்லிவிடும். ஒன்றைத் தனியாக வைத்து உள்ளே என்ன என்று கேட்டால் யுகம் ஆகும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொதுவில் என்ன என்று கேட்டால் உடனே பதில்.

இந்த இடைவெளியில்தான் 2012-இல் ஒரு வேடிக்கை நடந்தது. அர்யென் லென்ஸ்ட்ராவின் குழுவும் நாடியா ஹெனிங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் தனித்தனியாக இணையத்தில் கிடைத்த பொதுச் சாவிகளை லட்சக்கணக்கில் திரட்டினார்கள். எந்தச் சாவியையும் அவர்கள் உடைக்க முயலவில்லை. ஒன்றோடு ஒன்றுக்குப் பொதுக் காரணி உண்டா என்று மட்டும் பார்த்தார்கள். ஜோடி ஜோடியாகப் பார்த்தால் கோடானுகோடி ஜோடிகள். எனவே ஹெனிங்கர் குழு எல்லாச் சாவிகளையும் பெருக்கி ஒரே பேரெண்ணாக்கி, அதிலிருந்து ஒவ்வொரு சாவிக்கும் உரிய மீதியைப் பிரித்தெடுக்கும் உத்தியைக் கையாண்டது. சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. லென்ஸ்ட்ரா குழுவின் கணக்கில் ஆயிரம் சாவிகளுக்கு இரண்டு, வேறொரு சாவியோடு ஒரு பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்தன. பொதுக் காரணி கிடைத்ததும் மற்றதை வகுத்து எடுத்துவிடலாம். 2700 ஆண்டுப் பூட்டு அங்கே இல்லாமலே போயிற்று.

காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலானவை ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சிறு கருவிகள். பெட்டியைப் பிரித்து முதன்முதலாக மின்சாரம் கொடுத்தவுடன், தற்செயல் என்று சொல்லத்தக்க எதுவும் இன்னும் நிகழாத அந்தச் சில நொடிகளிலேயே, அவை பகா எண்ணைத் தேர்ந்துவிடுகின்றன. ஒரே வார்ப்பில் வந்த கருவிகள் எல்லாம் ஒரே நிலையில் விழித்தெழுவதால் முதல் பகா எண் ஒன்றாகவே அமைகிறது. இரண்டாவதைத் தேடும் நேரத்துக்குள் கடிகாரம் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதனால் அது மட்டும் வேறாகிறது. இரண்டுமே ஒன்றாக இருந்திருந்தால் சாவிகள் ஒரே சாவியாக இருந்திருக்கும், மீ.பொ.கா. எடுத்து உடைக்க வழி இருந்திருக்காது. பாதி மட்டும் பொதுவாக இருந்ததுதான் வினையாயிற்று.

உடைக்காமல் அறிவது என்ற இந்தக் குணம் ஒரு பக்கம். இனி மறுபக்கம். மீதிகளை இறக்கிக்கொண்டே போய் விடை கிடைத்ததும் வழியில் வந்த ஈவுகளை எல்லோரும் அழித்துவிடுகிறார்கள். இந்தியக் கணிதர்கள் அழிக்கவில்லை.

499-இல் ஆரியபடர் தம் ‘ஆரியபடீயம்’ நூலின் கணித பாதத்தில் குட்டகம் என்ற முறையை மிகச் சுருக்கமாகச் சொன்னார். 629-இல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் கணக்குகள் போட்டு அதைத் திறந்துகாட்டினார். அதில் ஒன்று: எட்டால் வகுத்தால் மீதி ஐந்து, ஒன்பதால் வகுத்தால் நான்கு, ஏழால் வகுத்தால் ஒன்று, அந்த எண் எது? 85. விடையைவிட வழி முக்கியம். மாறி மாறி வகுக்கிறார்கள், ஆனால் ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கிறார்கள். அந்த நெடுவரிசைக்கு வல்லி என்று பெயர். பிறகு அடியிலிருந்து மேல்நோக்கிப் பெருக்கியும் கூட்டியும் ஏறுகிறார்கள். நம் பழைய கணக்கிலேயே ஏறிப் பார்த்தால், 97 என்பது 8633-இன் 22 மடங்கிலிருந்து 9991-இன் 19 மடங்கைக் கழித்தது. 189926 கழித்தல் 189829, சரியாக 97. இறங்கும்போது பொதுவானது கிடைக்கிறது. ஏறும்போது அந்தப் பொதுவானதை மூல எண்கள் இரண்டிலிருந்தும் எப்படிக் கட்டியெழுப்புவது என்பது கிடைக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது, யூக்ளிட் தொடாத இடமும் அதுதான். பிரம்மகுப்தர் தம் நூலின் இயற்கணித அத்தியாயத்துக்கே குட்டக அத்தியாயம் என்று பெயர் வைத்தது காரணமில்லாமல் அல்ல. ஆர்எஸ்ஏ முறையில் ஒருவர் தம் இரகசியச் சாவியைச் செய்துகொள்வதும் இதே கணக்குதான்: ஏழை எதனால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் மீதி ஒன்று வரும்? 23. அங்கே எண்கள் பெரியவை, அவ்வளவே.

குட்டகம் வானியலுக்காகப் பிறந்தது. கோள்களின் சுற்றும் நாள் கணக்கும் முழு எண்ணில் இணங்குவதில்லை. எந்தக் காலத்திலும் மீதி அற்றுப்போகாத அளவுகள் உண்டு என்பது யூக்ளிடுக்கும் தெரியும். பத்தாம் புத்தகத்தின் இரண்டாம் தேற்றம் அதுதான்: மாறி மாறிக் கழிப்பது முடியவே இல்லை என்றால் அவ்விரண்டுக்கும் பொது அளவு கிடையாது. சதுரத்தின் பக்கமும் மூலைவிட்டமும் அப்படி. கிரேக்கர்கள் இதை ஒரு நெருக்கடியாகப் பார்த்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. பஞ்சாங்கக்காரருக்கு நெருக்கடிக்கெல்லாம் நேரமில்லை, நாளைய சந்திரன் எங்கே என்று இன்று சொல்லியாக வேண்டும்.

சந்திரன் சீராக நடப்பதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவும் தொலைவில் இருக்கும்போது மந்தமும் உண்டு. ஒருமுறை அருகில் வந்தது மீண்டும் அருகில் வர ஏறக்குறைய 27.55455 நாள். இந்தச் சுற்றையும் ஒரு நாளையும் இரண்டு கோல்களாக வைத்து மாறி மாறி வகுத்துப் பாருங்கள். ஈவுகள் 27, 1, 1, 4, 12 என்று வரும். வல்லியில் ஏறினால் முதலில் 27, பிறகு 28. அடுத்து 28-உம் 27-உம் சேர்ந்து 55. 55-இன் நான்கு மடங்கோடு 28 சேர்ந்து 248. 248-இன் பன்னிரண்டு மடங்கோடு 55 சேர்ந்து 3031. 248 நாளில் சந்திரன் ஒன்பது சுற்று முடிக்கிறது, பிசகு கால் மணிக்கும் குறைவு. 3031 நாளில் 110 சுற்று, பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

248, 3031 என்ற இவ்விரண்டு எண்களும் தமிழ்நாட்டின் வாக்கியப் பஞ்சாங்கக் கணிதத்தின் தூண்கள். கடபயாதி முறையில் எழுத்துக்கு ஓர் இலக்கம் வைத்து வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். 248-க்குத் தேவரம் என்று பெயர்: தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. 3031 காலநிலம். அதற்கும் மேலே 12372, ரசகைரிகை. 3031-இன் நான்கு மடங்கோடு 248-ஐக் கூட்டினால் அதுவும் வந்துவிடுகிறது, அதே வார்ப்பு. கலி பிறந்ததிலிருந்து கடந்த நாள்களின் தொகையில் 1600984-ஐக் கழித்துவிட்டு, மீந்ததை முதலில் 12372-ஆல், அதன் மீதியை 3031-ஆல், அதன் மீதியை 248-ஆல் வகுக்கிறார்கள். உதாரணமாக, கழித்தபின் 20000 நாள் மீந்தது என்று வையுங்கள். 12372 ஒருமுறை போக 7628, அதில் 3031 இரண்டுமுறை போக 1566, அதில் 248 ஆறுமுறை போக 78. நாளுக்கொன்றாக மனப்பாடமாக இருக்கும் 248 வாக்கியங்களில் 78-ஆவதை எடுத்து, ஈவு ஒவ்வொன்றுக்கும் உரிய ஏற்றத்தைச் சேர்த்தால் சந்திரன் நிற்குமிடம் வந்துவிடும். ஈவுகள் ஓரமாய் நின்று திருத்தம் செய்கின்றன. எந்த வாக்கியம் என்று சொல்வது மீதி.

சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த ஜான் வாரன் 1825-இல் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் எழுதுகோலைத் தொடாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக்காட்டினார். வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கெபவர் 1952-இல் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். 248 நாளுக்கு ஒன்பது சுற்று என்ற உறவு பாபிலோனியருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே எண்கள் முழுக்க முழுக்க நம்முடையவை என்று மார்தட்ட இடமில்லை. மாறி மாறி வகுத்து இத்தகைய வகுத்திகளைப் பெறும் முறையைக் கேரளத்தின் புதுமனை சோமயாஜி ‘கரணபத்ததி’யில் விளக்கிவைத்தார். சந்திரனின் நடையை ஒரு பேசும் அட்டவணையாக்கி, எழுதப்படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தலைமுறைகளுக்குக் கைமாற்றியது தென்னிந்தியாவில் நடந்தது. பஞ்சாங்கத்தின் பலன் பகுதியில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. அதன் கணிதப் பகுதியைப் பலன் பகுதியோடு சேர்த்து மூட்டைகட்டி எறிந்தது நாம் செய்த மோசமான காரியங்களில் ஒன்று.

கீழ் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காரணிச் செடி வரையும் நாளில் ஒரு பாடவேளையை மிச்சம்பிடியுங்கள். 27.55455-க்கும் ஒன்றுக்கும் மாறி மாறி வகுக்கச் சொல்லி ஈவுகளை வல்லியாக எழுதவையுங்கள். 2755455-க்கும் 100000-க்கும் என்று எழுதிக்கொடுத்தால் தசமப் புள்ளித் தொல்லையும் இருக்காது. ஐந்தாவது ஈவில் 3031 வந்து நிற்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அதன்பிறகு சொல்லுங்கள்.